கீப்பர் நின்ற இடம்

சற்குணம் வாத்தியாரிடம் கேள்வி கேட்டால் பதில் வராது, பந்துதான் வரும் என்று பெரம்பூர்ப் பக்கம் சொல்வார்கள். கேட்டவன் குனிந்து பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு காலத்தில் அவர் மாநில அணியின் விக்கெட் கீப்பர். இப்போது மாநகராட்சி மைதானத்தின் ஒரு மூலையில் கீப்பர்களுக்கு மட்டும் பயிற்சி கொடுக்கிறார். மட்டை பிடிக்கச் சொல்லித்தர ஊரெல்லாம் ஆள் உண்டு. பந்து போடச் சொல்லித்தரவும் உண்டு. "உக்காந்து எந்திரிக்கச் சொல்லிக்குடுக்க ஒரு வாத்தியாரா?" என்று பக்கத்து வலையில் பயிற்சி கொடுப்பவர்கள் கிண்டல் செய்வார்கள். "அதுகூட ஒங்க பசங்களுக்கு ஒழுங்கா வரலியேப்பா" என்று சொல்லிவிட்டு அவர் தன் வேலையைப் பார்ப்பார்.

பரஞ்சோதி அவருடைய சீடன். சீடன் என்றதும் மீசை முளைக்காதவன் என்று நினைத்துவிட வேண்டாம். அவனுக்குக் காதோரம் நரைத்துவிட்டது. ஒரு பெரிய கம்பெனியின் அணியில் சம்பளத்துக்கு ஆடுகிறான். மாநில அணிக்கு இரண்டாவது கீப்பராகப் போய்ச் சில வருடம் தண்ணீர் பாட்டில் சுமந்தான். முதல் கீப்பருக்கு முதுகு பிடித்துக்கொண்டபோது இவனுக்கு இடம் கிடைத்தது. அவனைவிட வயது குறைந்த ஒருவன் வந்ததும் அந்த இடம் போனது. கம்பெனி அணியில் மட்டும் இன்றுவரை அவனை அசைக்க ஆளில்லை.

கீப்பர் வேலை அவன் உடம்பில் எழுதிக்கிடந்தது. முழங்கால் படியேறும்போது சத்தம் போடும். விரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்க்கும். கல்யாணத்தன்று சர்ச்சில் மோதிரம் அதற்குரிய விரலில் ஏறவில்லை. பெண் தள்ளிப் பார்த்தாள், தோழன் எச்சில் தடவிப் பார்த்தான். பொறுமையாகக் காத்திருந்த போதகர், "சுண்டு விரலும் கர்த்தர் குடுத்ததுதாம்மா" என்றார். மோதிரம் இன்னும் சுண்டு விரலில்தான் இருக்கிறது.

அந்தக் கோணல் விரல்களில் பாதி மாசிலாமணியின் உபயம்.

மாசிலாமணி அதே அணியின் வேகப்பந்து வீச்சாளன். இருவரும் ஒரே நாளில் அணிக்குள் வந்தவர்கள். பிறகு அவன் பரஞ்சோதியின் தங்கை கிரேஸைக் கட்டிக்கொண்டு, மைதானத்திலும் வீட்டிலும் "மச்சான்" என்று கூப்பிட உரிமை வாங்கினான். அந்தக் காலத்தில் அவன் பந்து கீப்பரிடம் வரும்போது மேலே எழும்பிக்கொண்டு வரும். ஒரு நாள் காலையில் அவன் போட்ட பந்தில் பரஞ்சோதியின் விரல் உடைந்தது. பரஞ்சோதி யாரிடமும் சொல்லவில்லை, முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. தேநீர் இடைவேளையில் கையுறை கழல மாட்டேன் என்றபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கத்தரிக்கோலால் கையுறையை வெட்டி எடுத்தவன் மாசிலாமணிதான். உள்ளே விரலைப் பார்த்துவிட்டு அவன் அன்றைக்குத் தேநீர் குடிக்கவில்லை.

இதெல்லாம் பழைய கதை. இப்போது பரஞ்சோதி வாத்தியாரிடம் வந்தது வேறொரு கேள்வியோடு.

வாத்தியார் வேப்பமரத்தடியில் பழைய பந்துகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பரஞ்சோதி தன் பையை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். முழங்கால் சத்தம் போட்டது.

"ஞாயித்துக்கெழம ஃபைனல்ல?" என்றார் வாத்தியார்.

"ஆமா வாத்தியாரே."

"அப்புறம் என்ன மூஞ்சி இப்பிடி?"

"நிக்கிற எடம் தெரியல."

வாத்தியார் துடைப்பதை நிறுத்தவில்லை. "இத்தன வருஷம் ஆடிட்டு நிக்கிற எடம் தெரியலயா?"

"மாப்ள பந்துக்கு எங்க நிக்கிறதுன்னு தெரியல."

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். பந்து எவ்வளவு வேகமோ அவ்வளவு தூரம் தள்ளி நிற்பது கீப்பர் வழக்கம். வேகம் குறைந்தால் முன்னால் வரவேண்டும். சுழல் பந்துக்கு ஸ்டம்பை ஒட்டியே நிற்பான். ஆக, ஒரு பந்து வீச்சாளனின் வேகத்தை அறியக் கருவி எதுவும் தேவையில்லை, கீப்பர் நிற்கும் இடத்தைப் பார்த்தால் போதும். அணித்தலைவர் பார்ப்பார், எதிரணி பார்க்கும், வேலியோரம் சுண்டல் தின்பவர்களும் பார்ப்பார்கள். வேகப்பந்து வீச்சாளன் ஒருவனுக்குக் கீப்பர் ஸ்டம்பை ஒட்டி வந்து நின்றால், அது ஊர் நடுவே செருப்பால் அடித்த மாதிரி.

"மாப்ளைக்கு வேகம் போயிருச்சு வாத்தியாரே. ஒரு வருஷமாச்சு. பந்து என்கிட்ட வந்து சேர்றதுக்குள்ள படுத்துருது."

"நீ எங்க நிக்கிற?"

"பழைய எடத்துலயேதான்."

"ம்."

"யாரும் கண்டுபிடிக்கல. பந்து மொழங்காலுக்குக் கீழதான் வருது. நான் அத எடுத்துக்கிட்டே எந்திரிச்சு, கைய நெஞ்சுக்குக் கொண்டுவந்துருவேன். பாக்கிறவனுக்கு நெஞ்சுக்கு வந்த பந்து மாதிரியே இருக்கும். ரெண்டு கையுறையையும் சேத்துத் தட்டினா சத்தமும் நல்லா கேக்கும். அப்புறம்..."

"அப்புறம்?"

"கைய ஒரு உதறு உதறி, ஊதிக்குவேன். வலிக்கிற மாதிரி."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். பரஞ்சோதி ஒரு வருடம் மறைத்திருக்கிறான். அதில் அவனுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. சொல்லும்போது அது குரலில் தெரிந்தது.

"நான் பொய் சொல்லல வாத்தியாரே. நின்ன எடத்துலதான் நிக்கிறேன்."

"நான் ஒண்ணும் கேக்கலியே" என்றார் வாத்தியார்.

பரஞ்சோதி தரையைப் பார்த்துக்கொண்டு மீதியைச் சொன்னான். அரையிறுதியில் மாசிலாமணியின் பந்து மட்டையின் விளிம்பில் பட்டுப் பின்னால் வந்தது. நல்ல பந்து. பரஞ்சோதி சரியான இடத்தில் நின்றிருந்தால் கைக்குள் விழுந்திருக்கும். அவனுக்கு முன்னால் தரையில் விழுந்தது. பக்கத்தில் நிற்கும் ஸ்லிப் ஆட்களும் கீப்பரைப் பார்த்துத்தான் வரிசை கட்டுவார்கள், அதனால் அவர்களும் தள்ளியே நின்றார்கள். தப்பித்தவர் அதற்குப் பின் சதம் அடித்தார். எப்படியோ தட்டுத்தடுமாறி ஜெயித்தார்கள். "நமக்கு அதிர்ஷ்டம் இல்ல மச்சான்" என்று மாசிலாமணி தோளில் தட்டிவிட்டுப் போனான். அன்று கிரேஸ் வீட்டில் வஞ்சிர மீன் குழம்பு. பரஞ்சோதிக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

"ஃபைனல்லயும் அப்பிடி ஆச்சுன்னா பதினொரு பேர் ஒழைப்பும் போயிரும். முன்னால வந்து நின்னா மாப்ள மானம் போயிரும்."

"அவ்ளோதானா?"

"இல்ல." பரஞ்சோதி பையின் வாரை முறுக்கினான். "கம்பெனில டிப்போ மேற்பார்வை வேல ஒண்ணு காலியாகுது. மாப்ளையக் கேட்டிருக்காங்க. ஆட்டத்த விட்டுட்டு வந்தா அவனுக்கு. இன்னொரு வருஷம் ஆடுறேன்னா வேற ஆளுக்கு. இந்த மாசத்துக்குள்ள சொல்லணும்."

"அவன் என்ன சொல்றான்?"

"கிரேஸ் கேட்டிருக்கா. ‘எனக்கென்ன தெரியும், ஒங்கண்ணன் கையக் கேளு’ன்னு சொல்லிருக்கான். அவளும் வந்து, ‘அண்ணே, அவருக்கு இன்னும் வேகம் இருக்கா?’ன்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"கை வீங்கிப்போவுது கிரேஸ்னு சொன்னேன்."

வாத்தியார் கடைசிப் பந்தையும் துடைத்து வாளியில் போட்டார். பிறகு எழுந்து மரத்தில் சாய்த்திருந்த மட்டையை எடுத்தார்.

"கையுறையப் போடு."

"வாத்தியாரே, நான் பயிற்சிக்கு வரல. ஒரு வார்த்த கேட்டுட்டுப் போலாம்னுதான்..."

"போடு."

பரஞ்சோதி மாட்டிக்கொண்டான். வாத்தியார் அவனைச் சுவருக்கு முன்னால் குனிய வைத்துவிட்டு, எதிரே போய் நின்றார். பார்த்தால் ஒல்லி மனிதர், வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், எழுபதை நெருங்கும் வயது. ஆனால் கையில் மட்டை இருந்தது. பந்தைத் தூக்கிப் போட்டு அவர் அடித்த அடியில், அது காற்றைக் கிழித்துக்கொண்டு வந்தது.

பரஞ்சோதி பிடித்தான். திருப்பிப் போட்டான்.

அடுத்தது இன்னும் வேகமாக, வலது தோள் பக்கம். பிடித்தான். திருப்பிப் போட்டான்.

அதற்கடுத்தது தரையில் பட்டுத் திடீரென்று எகிறி, பழைய உடைந்த விரலின் நுனியில் அடித்தது. பக்கத்து வலையில் இருந்தவர்கள் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பரஞ்சோதி காலடியில் கிடந்த பந்தை எடுத்து, ஒன்றும் நடக்காதது போலத் திருப்பிப் போட்டான்.

வாத்தியாருக்கு மூச்சு வாங்கியது. வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டார். மட்டையைக் கீழே வைத்துவிட்டு, வெறுங்கையால் ஒரு பந்தை எறிந்தார். அது தள்ளாடி வந்து பரஞ்சோதியின் கைக்குள் உட்கார்ந்தது.

பரஞ்சோதி இரண்டு கையுறையையும் சேர்த்துத் தட்டினான். எழுந்தான். வலது கையை ஓர் உதறு உதறி, ஊதிக்கொண்டான்.

"வலிக்குதா?" என்று கேட்டார் வாத்தியார்.

"ஒங்க கையில இன்னும் வேகம் இருக்கு வாத்தியாரே" என்றான் பரஞ்சோதி.

வாத்தியார் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் பரஞ்சோதிக்கே உறைத்தது. உதறிய கையை மெதுவாகக் கீழே இறக்கினான்.

"மன்னிச்சுக்குங்க. பழக்கம்."

"நாலு பந்து வந்துச்சு. எது வலிச்சுது?"

"மூணாவது."

"வலிச்சப்ப என்ன பண்ண?"

"ஒண்ணும் பண்ணல."

"மாசிலாமணி பந்து போட்டு முடிச்சதும் எங்க பாப்பான்?"

"என் கையத்தான்."

"எப்பலேர்ந்து?"

"மொத நாள்லேர்ந்து."

வாத்தியார் வாளியைத் தூக்கிக்கொண்டார். "வெயில் ஏறுது. வீட்டுக்குப் போ."

ஞாயிற்றுக்கிழமை இறுதியாட்டம் நடந்தது. நல்ல கூட்டம். கம்பெனியின் பெரிய அதிகாரிகள் பந்தலுக்கடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கிரேஸும் பெண்கள் பக்கம் வந்து உட்கார்ந்திருந்தாள்.

மாசிலாமணிதான் முதல் ஓவர். பரஞ்சோதி பழைய இடத்துக்கே போய்க் குனிந்தான். பழக்கம் அவ்வளவு சுலபத்தில் போகாது. மாசிலாமணி நீளமாக ஓடி வந்து போட்டான். பந்து மட்டையைத் தாண்டி வந்து, பாதி வழியில் களைத்து, பரஞ்சோதியின் கணுக்காலுக்கு வந்து சேர்ந்தது.

பரஞ்சோதி அதை நெஞ்சுக்கு உயர்த்தவில்லை. கையைத் தட்டவில்லை, உதறவில்லை. பந்து எங்கே வந்ததோ அங்கேயே, கணுக்கால் உயரத்தில், கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தான். பிறகு அதைத் திருப்பிப் போட்டுவிட்டு, சில எட்டு முன்னால் வந்து நின்றான்.

ஸ்லிப்பில் நின்றவர்கள் அவனைப் பார்த்தார்கள். பிறகு அவர்களும் முன்னால் வந்தார்கள். அணித்தலைவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். பந்தலுக்கடியில் ஒருவர் இன்னொருவர் காதில் ஏதோ சொன்னார்.

மாசிலாமணி ஓட்டம் தொடங்கும் இடத்துக்குப் போய்த் திரும்பினான். கீப்பரைப் பார்த்தான். அப்படியே நின்றுவிட்டான்.

பரஞ்சோதி குனிந்த தலையை நிமிர்த்தாமல், மாப்பிள்ளையின் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கால் நகரவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் நிமிர்ந்தான்.

மாசிலாமணி பந்து இருந்த கையை உயர்த்தி, ஒரு விரலை மடக்கிக் கூப்பிட்டான். இன்னும் வா.

பரஞ்சோதி ஓர் எட்டு வந்தான்.

மாசிலாமணி தலையை ஆட்டினான். இன்னும்.

பரஞ்சோதி வந்தான். விரல் மறுபடி மடங்கியது. கையெட்டினால் ஸ்டம்பைத் தொடலாம் என்ற இடம் வரைக்கும் அது அவனை விடவில்லை. வெளியிலிருந்து ஹெல்மெட் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதற்குள் மாசிலாமணி, ஓட்டம் தொடங்கும் இடத்தில் அடையாளத்துக்கு வைத்திருந்த பிளாஸ்டிக் வட்டை எடுத்துக்கொண்டு நடந்துவந்து, பாதி தூரத்தில் போட்டான். வருடக்கணக்காக ஓடிவந்த நீள ஓட்டம் அத்தோடு முடிந்தது.

அவனுடைய அடுத்த ஓவரில் எதிரணியின் முக்கிய ஆட்டக்காரர் பந்தை நோக்கி நீண்டார். பந்து மட்டையை ஏமாற்றிவிட்டுப் போனது. பின்னங்கால் கோட்டுக்கு வெளியே ஒரு நூல் வந்தது, அந்த நேரத்தில் பரஞ்சோதி பந்தைப் பிடித்து ஸ்டம்பைத் தட்டினான். இருவரும் சேர்ந்து எத்தனையோ பேரை வெளியே அனுப்பியிருக்கிறார்கள். மாசிலாமணியின் பந்தில் ஒருவர் ஸ்டம்ப் ஆனது அதுதான் முதல் தடவை.

மாசிலாமணி வந்து பரஞ்சோதியின் ஹெல்மெட்டில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான்.

கோப்பை யாருக்கு என்பது இந்தக் கதைக்கு வேண்டியதில்லை. கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன், இவர்களுக்குத்தான். அன்று மாலையே மாசிலாமணி அதிகாரியிடம் போய் டிப்போ வேலையை எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். பரஞ்சோதி கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஷூவின் நாடாவை அவிழ்த்தான்.

"எப்ப தெரியும் மாப்ள?" என்று கேட்டான் பரஞ்சோதி.

"நீ மொதத் தடவ கைய உதறின அன்னைக்கே தெரியும் மச்சான்."

அடுத்த நாள் காலை பரஞ்சோதி மறுபடி மைதானத்துக்கு வந்தான். வாத்தியாருக்குப் பிடித்த முந்திரி கேக் ஒரு பொட்டலம் வாங்கி வந்திருந்தான். வாத்தியார் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, நடந்ததையெல்லாம் கேட்டார். வெற்றியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"எனக்கு ஒண்ணுதான் புரியல வாத்தியாரே" என்றான் பரஞ்சோதி. "அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. நான் வேஷம் போடுறேன்னும் தெரிஞ்சிருக்கு. ‘போதும்டா மச்சான், முன்னால வா’ன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா முடிஞ்சிருக்கும். ஒரு வருஷமா ஏன் சொல்லல?"

வாத்தியார் கையில் ஒட்டியிருந்த கேக் தூளைத் தட்டினார்.

"ஒனக்கு வலிக்கும்னுதான்."

பரஞ்சோதி தன் கையைப் பார்த்தான். அதை மடியில் வைத்துக்கொண்டான். உதறவில்லை.